மாரித்தாயின் உப்புக் கட்டன்

அனுப்பிரியா வளர்க்கும் உயிர்களுக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது, ஆனால் பசி உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்றாவிட்டால் செத்துப்போகும். ஓணமா பொங்கலா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாக அவள் பார்க்கும் வேலை இதுதான்: மனித ரத்தக்குழாயின் உட்சுவரில், தரையில் ஓடு பதித்ததுபோல் ஒரே அடுக்காக ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பது.

செல்கள் வருவது தொப்புள்கொடியிலிருந்து. பிரசவம் முடிந்த தாய் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், தூக்கி எறிய வேண்டிய கொடி ஐஸ் பெட்டியில் வந்து சேரும். கொண்டுவருகிறவர் ஆய்வக உதவியாளர் பொங்கியண்ணன். "இன்னைக்கு ஒரு பையன் கொடி வந்துருக்குதுங் அம்மணி. பாத்தா நல்லாத் தின்னுமாட்டம் இருக்குது" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் அனுப்பிரியா. நாலாம் வகுப்புவரை எஸ்டேட் பள்ளியில் தமிழ்; அதற்கப்புறம் எல்லாம் மலையாளம். அப்பா செல்லத்துரை தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் எந்திரத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர். நாற்பத்தொன்பது வயதில் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். பிரஷர் இருந்ததே இழுத்த அன்றைக்குத்தான் தெரியவந்தது. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா மாரித்தாய். ஐம்பத்தைந்து வயது. முப்பத்தாறு வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள், இன்னும் செங்குத்துச் சரிவில் கைப்பிடி இல்லாமல் ஏறுகிறவள்.

ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்ததும் தேயிலை ஆராய்ச்சிதான். தலைமை டாக்டர் யாஸ்மின். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பத்துப் பெண். வயது, புகை, சர்க்கரை எல்லாம் சேர்ந்து உடம்புக்குள் முரட்டு ஆக்சிஜன் துணுக்குகளைப் பெருகவிடும். அவை படுகிற இடத்தையெல்லாம் துருப்போல அரிக்கும். அந்த அடியை முன்னால் நின்று வாங்குகிறவற்றில் ரத்தக்குழாயின் உட்சுவரும் ஒன்று. அந்த அரிப்பைத் தட்டில் வரவழைக்க, செல்கள்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். முந்தின நாளே தட்டில் உள்ள சின்னக் குழிகளில் பாதிக்குத் தேயிலைச் சாறு கொடுத்து வைத்திருப்பார்கள். கடைசியில் மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்த்தால், உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. சாறு குடிக்காத குழிகளில் பத்துக்கு நாலு செல் பிழைத்தது. குடித்த குழிகளில் பத்துக்கு எட்டு. வரிசை வரிசையாக ஊதா ஏறிய தட்டை முதன்முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அனுப்பிரியாவுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. 

இன்னொரு பக்கமும் இருந்தது. சாற்றை ஓரளவுக்குமேல் கூட்டினால் சாறே செல்லைக் கொன்றது. அதையும் அவள்தான் கண்டுபிடித்துக் குறித்துவைத்தாள். ஆனால் ஜூன் மாதம் கல்லூரிக் கண்காட்சிக்கு வந்த ஒரு நிருபரிடம் அதைச் சொல்ல மறந்துபோனாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: அப்படியானால் பால் விடாத கட்டன் சாயா குடித்தால் ரத்தக்குழாய்க்கு நல்லதா? எஸ்டேட்டில் பிறந்த பெண்ணிடம் அப்படிக் கேட்டால் நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்? முப்பத்தாறு வருஷமாகக் கட்டன் குடிக்கிற எங்கம்மாவே அதற்குச் சாட்சி என்று சொல்லிவிட்டாள். மறுநாள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அவள் படமும், தட்டின் படமும், அந்த வாக்கியமும் வந்தன. யாஸ்மின் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அனுப்பு, சந்தோஷப்படுவாங்க. ஆனா நம்ம தட்டப் பத்தி மட்டும் பேசியிருக்கலாம்" என்றதோடு விட்டுவிட்டார்.

அனுப்பிரியா அனுப்பினாள். மாரித்தாய் அதைப் பூப்பாறைக் கடையில் லேமினேஷன் செய்து, மாரியம்மன் காலண்டருக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள்.

அக்டோபரில், மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, புதுக் கொழுந்து எடுத்துவர அனுப்பிரியா ஊருக்குக் கிளம்பினாள். தெர்மாகோல் பெட்டிக்கு மூலையெல்லாம் டேப் ஒட்டிக் கொடுத்த பொங்கியண்ணன், வரும்போது மறையூர் வெல்லம் ரெண்டு உருண்டை வாங்கி வரச்சொன்னார். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மூணாறு என்று மாறி மாறிப் பஸ் ஏறி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி. அம்மா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. கொழுந்துப் பைகளைக் கட்ட ரப்பர் பேண்டு வேண்டியிருந்தது. அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே மாத்திரை அட்டைகள். அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, ஒன்றுகூடப் பிரிக்காமல். எண்ணிப் பார்த்தாள்: இருபத்து நாலு அட்டை. வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர், ஆசா வர்க்கர் ஆனந்தி, மாதம் தவறாமல் கொண்டுவந்து கொடுக்கும் பிரஷர் மாத்திரை ஒன்று, மே மாதம் புதிதாகச் சேர்த்த நீர் மாத்திரை ஒன்று. நாலு மாதத்து மருந்து அப்படியே இருந்தது. அரசாங்கம் கொடுத்ததைக் குப்பையில் போட மாரித்தாய்க்கு மனசு வராது. அதனால் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

அம்மா வந்ததும் அனுப்பிரியா சாயாகூடப் போடவிடவில்லை. கொஞ்ச நேரம் உட்காரவைத்து, போன வருஷம் வாங்கிக் கொடுத்த மெஷினைக் கையில் கட்டினாள். நூற்று எண்பத்தாறு, நூற்றுப் பத்து. இன்னொரு தடவை கட்டினாள். அதேதான்.

மாரித்தாய் கொஞ்சமும் அசரவில்லை. சுவரைக் கைகாட்டினாள்.

"நீதான பேப்பர்ல சொன்ன? கட்டன் குடிச்சது பொழச்சிச்சு, குடிக்காதது செத்துச்சுன்னு. நான் ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கேன். எனக்கு எதுக்குட்டி மாத்திர?"

 அம்மா படிக்காதவள்தான், ஆனால் கணக்கில் தப்பு இல்லையே. தப்பு சுவரில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது? அன்று ராத்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தட்டு வேறு, உடம்பு வேறு என்றாள். நாம் குடிக்கிறதில் வயிற்றைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது கொஞ்சமே கொஞ்சம் என்றாள். மாரித்தாய் உம் கொட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். மாத்திரை டப்பாவிலேயே இருந்தது. அப்பாவைப் போல இவளையும் ஒரு பக்கம் இழுத்த நிலையில் பார்க்கமாட்டேன், அம்மா மாத்திரையைத் தொடாமல் இந்த மலையை விட்டு இறங்கமாட்டேன் என்று அனுப்பிரியா படுத்தபடியே முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு மலைக்குப் போனாள். பத்தொன்பது பெண்கள். மேற்பார்வைக்குப் பெரியமுத்து அண்ணன். பத்து மணிக்குச் சாயா நேரம். மாரீஸ்வரி அக்கா மூன்று கல் கூட்டி, பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, தேயிலைத் தூள் போட்டாள். அப்புறம் ஒரு கை உப்பு. கொஞ்சம் யோசித்து, இன்னும் பாதிக் கை.

அனுப்பிரியா அந்தச் சாயாவைக் குடித்து வளர்ந்தவள். மலை வேலைக்காரர்கள் கட்டனில் உப்புப் போடுவது அவளுக்கு அதிசயமே இல்லை. வேர்த்து வேலை செய்கிற உடம்புக்கு உப்பு வேண்டும் என்று அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ஆய்வகத்தில் தேயிலைச் சாற்றை மில்லிகிராம் மில்லிகிராமாக அளந்து அளந்து விட்டவளுக்கு, சொந்த அம்மா குடிக்கும் சாயாவில் இத்தனை உப்பு இருப்பது ஒருநாளும் மனதில் தட்டவில்லை. பாலக்காட்டில் இருந்து நினைக்கும்போது அம்மாவின் கட்டன் வெறும் கட்டனாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் கை பானைக்குமேல் விரிவதைப் பார்த்ததும், ஒரு டம்ளருக்கு எவ்வளவு உப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

மாரித்தாய் இரண்டு டம்ளர் குடித்தாள். தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. மற்றவர்களும் தொடவில்லை. காலை ஏழு மணியிலிருந்து யாருமே ஒதுங்கப் போகவில்லை என்பதை அனுப்பிரியா அப்போதுதான் கவனித்தாள். அம்மாவைத் தனியே இழுத்துப்போய், எனக்கு அவசரமாகப் போகணும், எங்கே போறது என்று கேட்டாள்.

மாரித்தாய் சுற்றும் முற்றும் பார்த்தாள். கீழே பெரியமுத்து நிற்கிறார். மேலே ரோடு, சுற்றுலா ஜீப்புகள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் ஓடைக்கு அப்பால் நேற்று ஆனை நின்ற இடம். சாணம் இன்னும் காயவில்லை.

"அடக்கிக்க. வேல முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிரலாம்."

"நீ தினமும் அப்படித்தான் அடக்குதியா?"

"பெறகு? அந்த நீர் மாத்திரையப் போட்டா அரை மணிக்கொருக்கா முட்டுது. ஒருநா சேலையோட..." மாரித்தாய் நிறுத்திக்கொண்டாள். கொழுந்துப் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "ரெண்டு மாத்திரையும் ஒரே வெள்ளையா இருக்கு. எது நீருக்கு, எது பிரஷருக்குன்னு யாரு கண்டா? ரெண்டையும் விட்டுட்டேன். அப்பத்தான் உன் பேப்பரும் வந்துச்சு."

ஆக, பேப்பர் ஒரு சாக்கு. ஆனால் அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தது மகள்தானே.  அனுப்பிரியா கொழுந்தைக் கிள்ளிப் பையில் போட்டு, ஐஸில் வைத்து மூடினாள். அன்று சனிக்கிழமை மதியமே, வேலையைப் பாதியில் விடவைத்து, அம்மாவைக் குடும்பாரோக்கிய கேந்திரம் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள் என்பதுதான் சரி.

டாக்டர் ஒரு இளம் ஆண். மாரித்தாய் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பிரியாதான் மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்: ஒதுங்க இடம் இல்லாதது, ஆனை, ஜீப், சேலை. சொல்லச் சொல்ல அம்மாவின் காது சிவந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு நீர் மாத்திரையை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதினார், அது ஒதுங்கவைக்காது என்றார். கால் வீங்கினால் உடனே வரவேண்டும், திங்கள்கிழமை சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை, புதன்கிழமை மறுபடி பிரஷர், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்றும் சொன்னார். புது மாத்திரை மஞ்சள். இரண்டையும் இனிக் குழப்பிக்கொள்ள வழி இல்லை. முதல் மாத்திரையை மாரித்தாய் அங்கேயே, வாசல் பைப்படியில் நின்று விழுங்கினாள்.

திரும்பும் ஜீப்பில் பாதி வழிவரை மாரித்தாய் மாத்திரைப் பையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள். அப்புறம், "ஊர் பேர் தெரியாத பயகிட்டப் போயி எஞ் சேலையப் பத்திப் பேசிட்டியேட்டி" என்றாள். கோபம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் தோளைச் சாய்த்து மகள்மேல் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரைப் பிரச்சினை தீர்ந்தது, பானைப் பிரச்சினை தீரவில்லை. அம்மாவை மட்டும் உப்பில்லாமல் குடி என்று சொல்ல முடியாது. மலையில் ஒரே பானை, ஒரே சாயா. தனியாகப் பாட்டிலில் கொண்டுபோனால், என்ன, மகள் பேப்பரில் வந்ததும் எங்க சாயா கசக்குதோ என்று கேட்பார்கள். கேட்டால் அம்மா அடுத்த நாளே அந்தப் பானைக்குத் திரும்பிவிடுவாள். மாற்றினால் பானையைத்தான் மாற்றவேண்டும்.

யாஸ்மினுக்குப் போன் செய்து ஒருநாள் கூடுதலாக லீவு கேட்டாள். பறித்த கொழுந்து இரண்டு நாள் ஐஸில் கிடந்தால் கெட்டுவிடும், அதனால் புதிதாகத் திங்கள்கிழமை பறித்து வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று யாஸ்மின் கேட்க, அனுப்பிரியா முழுவதையும் சொன்னாள். பத்திரிகையில் தான் சொன்ன வாக்கியத்தையும் மறைக்காமல் சொன்னாள்.  "செல்லுகள நான் பாத்துக்குறேன். நீ அம்மாவப் பாரு" என்று மட்டும் சொன்னார் யாஸ்மின்.

திங்கள்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு அம்மாவோடு மலைக்கு ஏறியபோது அனுப்பிரியாவின் பையில் பிரஷர் மெஷின் இருந்தது. சாயா நேரத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கட்டினாள். பெரியமுத்து அண்ணன் வேலை கெடுகிறதே என்று வந்தவர், தானும் கையை நீட்டினார். பத்தொன்பது பெண்களில் பதினொரு பேருக்கு நூற்று நாற்பதுக்குமேல். மாரீஸ்வரிக்கு நூற்று எழுபத்திரண்டு. எண்ணைக் கேட்டதும் அவள் சிரித்தாள்.

"எம் ஒடம்புல சாயாதான் ஓடுது, ரத்தம் ஓடல. பொறவு என்ன? உங்கம்மாவே சாட்சின்னு எழுதுனல்ல?"

பெண்கள் சிரித்தார்கள். அனுப்பிரியாவுக்கு முகம் சுண்டியது. ஆனாலும் நகரவில்லை.

"அது பாதிதான்க்கா. மீதியச் சொல்லாம விட்டது என் தப்பு" என்றாள். பிறகு அங்கே கிடந்த செடிக்கு மருந்தடிக்கிற ஹோஸைக் கையில் எடுத்தாள். இதற்கு உள்பக்கம் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது என்று வையுங்கள்; தேயிலைச் சாறு அந்தப் பூச்சைத் துருப்பிடிக்காமல் காக்கிறதா என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம், தட்டில் காத்தது, உடம்பில் எவ்வளவு காக்கும் என்று எங்களுக்கே இன்னும் தெரியாது என்றாள். மருந்தடிக்கிறவர் பம்பை அளவுக்குமேல் அடித்தால் ஹோஸ் என்ன ஆகும் என்று கேட்டாள். போன மாதம்தான் ஒன்று வெடித்திருந்தது. நாலு பேர் ஒரே நேரத்தில் அதைச் சொன்னார்கள்.

"எங்க தட்டுல ரத்தம் ஓடாதுக்கா. செல்லு சும்மா படுத்துக் கெடக்கும். அதுக்குப் பிரஷரே கெடையாது. எங்க சாறுல உப்பள்ளிப் போடுறதுக்கும் ஆளு இல்ல."

 செல்லத்துரையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய வழி அங்கிருந்து பார்த்தால் தெரியும். நிறையப் பேர் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

மாரீஸ்வரி மட்டும் விடவில்லை. உப்பில்லாவிட்டால் மயக்கம் வரும், காலில் இழுப்பு வரும் என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. தினமும் இழுப்பு வருகிறவர்களை அனுப்பிரியாவே பார்த்திருக்கிறாள். சாப்பாட்டிலும் ஊறுகாயிலும் வருகிற உப்பே போதும், இழுப்புக்கு உப்பைவிடத் தண்ணீர்தான் முக்கியம், தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் ஒதுங்க இடம் இல்லாததுதானே என்றாள். அப்போது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். பெரியமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சரிவு தள்ளிப் போய் நின்றார். ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகையாவது போடச்சொல்லி மேனேஜருக்கு மனு எழுதலாம் என்று முடிவானது. தமிழில் சொன்னதை அனுப்பிரியா மலையாளத்தில் எழுத, பத்தொன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். பெரியமுத்துவும் திரும்பி வந்து இருபதாவதாகப் போட்டார்.

பானை கொதித்துவிட்டது. மாரீஸ்வரியின் கை பழக்கத்தில் உப்பு டப்பாவுக்குப் போயிற்று. டப்பா அங்கே இல்லை. அது மாரித்தாயின் மடியில் இருந்தது.

"இனிமே இது ஏங்கிட்ட இருக்கும்" என்றாள் மாரித்தாய். "தலைய சுத்துறவ வந்து கேளு, ஒரு சிட்டிக தாரேன். கேக்குறதுக்கு முன்னால அந்த மெஷின்ல கைய நீட்டணும்."

"உனக்கு வேணும்னா?" என்றாள் மாரீஸ்வரி.

"நான் யாருகிட்டக் கேக்க? எனக்குக் கெடையாது."

அன்றைக்கு உப்பில்லாத கட்டனை எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். வெந்நீரில் தேயிலையைக் கழுவின மாதிரி இருக்கு என்று ஒருத்தி துப்பினாள். மூன்று பேர் டப்பாவிடம் வந்தார்கள். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள் மாரித்தாய்.

மெஷினைத் தினமும் மலைக்குக் கொண்டுபோகும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, புதுக் கொழுந்தோடு அனுப்பிரியா இறங்கினாள். கிளம்பும்முன் சுவரில் இருந்த பேப்பரைக் கழற்றப் போனாள். மாரித்தாய் விடவில்லை. படம் நல்லா இருக்கு, கிடக்கட்டும் என்றாள். அதே ஆணியில், பேப்பருக்குமேல், மாத்திரைப் பையை மாட்டினாள். பாதிச் செய்தி மறைந்துபோயிற்று.

பாலக்காடு திரும்பியதும் நிருபருக்குப் போன் போட்டாள். திருத்தம் போட அதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்டார் அவர். இருக்கிறது என்று சொல்லி, நாலு நாள் விடாமல் போன் போட்டாள். ஐந்தாம் நாள் எட்டு வரி வந்தது; படம் இல்லை. யாஸ்மின் அதை வெட்டி ஆய்வகக் கதவில் ஒட்டினார். வெல்லத்தை மறந்து வந்ததற்காகப் பொங்கியண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார், அதுவும் சரியாயிற்று.

நவம்பர் நடுவில், தட்டுக்குச் சாறு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவின் போன் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள். மனு இன்னும் மேனேஜர் மேசையில்தான் இருக்கிறது, நாளைக்கு இரண்டாவது மனு போகிறது, இந்தத் தடவை பக்கத்து மலைக்காரிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாள் மாரித்தாய். சிறுநீரகம் கெடவில்லையாம், டாக்டர் சொன்னாராம். மாத்திரை?

"போட்டாச்சு. இன்னைக்கு நூத்தி நாப்பத்தாறு, எண்பத்தெட்டு. இன்னும் எறங்கணும்ங்காரு டாக்டர். எறக்குவோம்." பின்னால் யாரோ கத்தினார்கள். மாரித்தாய் போனைக் காதிலிருந்து விலக்காமலே பதில் சொன்னாள்: "கைய நீட்டுட்டி மொதல்ல. பெறகு உப்பு."

அனுப்பிரியா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அடுத்த குழிக்குச் சாற்றை அளந்து விட்டாள்.